யெல்லோஸ்டோன் எல்க் கணக்கை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் ஓநாயை மீண்டும் காட்டில் விடுவது பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு எண்கள் முன்னால் வந்து நிற்கும். 1994-ன் தொடக்கத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடபகுதியில், எல்க் என்ற பெரிய மான்களின் கூட்டத்தில் எண்ணப்பட்டவை சுமார் 19,000. 2013-ல் 4,000-க்கும் குறைவு. நடுவில், 1995-ல், கனடாவிலிருந்து ஓநாய்கள் வந்து இறங்கின. எல்க்கைத் தின்று தீர்த்தது ஓநாய்தான் என்பதற்கு, பூங்காவை ஒட்டிய மான்டானா மாநிலத்து வேட்டைக்காரர்கள் பலருக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது பேச்சில் வருவதே அரிது. 1968-ல் அதே கூட்டத்தில் எண்ணப்பட்டவை சுமார் 3,200. அப்போது பூங்காவில் ஓநாய்க் கூட்டம் எதுவும் கிடையாது. 1926-லேயே அங்கிருந்த கடைசி ஓநாய்களைக் கொன்று முடித்துவிட்டார்கள். எல்க்கைக் குறைத்தவர்கள் பூங்காவின் காவலர்கள்தான். மேய்ச்சல் நிலம் தாங்காது என்று முடிவு கட்டி, பல ஆண்டுகள் பிடித்து வெளியே அனுப்பியும் சுட்டும் குறைத்தார்கள். 1961–62 குளிர்காலத்தில் மட்டும் 4,000-க்கு மேல் போயின. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்து 1960-களின் இறுதியில் அது நின்றது. துப்பாக்கி ஓய்ந்ததும் கூட்டம் ஏறத் தொடங்கி, இருபது ஆண்டுகளில் ஆறு மடங்கானது. 1988-ல் பெருந்தீ, அதை அடுத்துக் கடுங்குளிர், ஒரு பெரும் சரிவு, பிறகு மறுபடி ஏற்றம். 1994 என்பது அந்த ஏற்றத்தின் உச்சி. உச்சியிலிருந்து கணக்கைத் தொடங்கினால் எந்தக் கோடும் கீழ்நோக்கித்தான் போகும்.

எல்க் என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் அந்தப் பெயர் மூஸ் என்ற வேறொரு மானுக்கு உரியது. ஆங்கிலேயர் காலத்து இலங்கையில் வேட்டைக்காரர்கள் மரையை, அதாவது நம் கடமானை, எல்க் என்றே அழைத்தார்கள். இங்கே பேசுவது வட அமெரிக்காவின் வாபிடியை. கடமானுக்கு உறவுதான், உருவத்தில் இன்னும் பெரியது. பெட்டை 220 கிலோவுக்கு மேல், கிடா 300 கிலோவைத் தாண்டும். மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போடும்.

ஓநாய்களைக் கொண்டுவந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சண்டைகளில் பாதி அதிலிருந்துதான் கிளைத்தது. 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்கள், 1996-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17, மொத்தம் 31. ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் இருக்குமிடம் காட்டும் ரேடியோ காலர் மாட்டி, கூண்டில் ஏற்றினார்கள். பூங்காவில் உடனே திறந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு ஏக்கர் அளவுள்ள அடைப்புகளில், 10 அடி உயரக் கம்பி வலைக்குள், பத்து வாரம் வைத்திருந்தார்கள். வலையின் மேல்முனை உள்பக்கம் வளைக்கப்பட்டிருந்தது, ஏறித் தாண்ட முடியாதபடி. அடியில் தரையோடு படிந்த வலை, தோண்டி வெளியேற முடியாதபடி. தீனி, சாலையில் அடிபட்டுச் செத்த மான்களும் எல்க்குகளும். இவ்வளவு சிரமம் எதற்கென்றால், பிடித்த இடத்துக்கே திரும்பி ஓடும் உந்துதல் தணிய வேண்டும் என்பதற்காக. மார்ச்சில் கதவைத் திறந்தபோது அவை வெளியே வரவில்லை. மனிதர்கள் வந்துபோன வாசல் அது என்பதால் அந்தப் பக்கமே அண்டவில்லை. கடைசியில் வேறோர் இடத்தில் வலையை வெட்டி வழி செய்தார்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் இதே காலத்தில் விடப்பட்ட 35 ஓநாய்களுக்கு இந்த அடைப்பெல்லாம் இல்லை. கூண்டைத் திறந்து நேராகக் காட்டில் விட்டார்கள், அவை நாலாபக்கமும் சிதறின. இரண்டு முறையும் பலன் தந்தது. ஆனால் கூட்டமாக ஓரிடத்தில் நிலைத்து, முதல் ஆண்டிலிருந்தே பார்த்துக் குறித்துவைக்க வசதி தந்தது யெல்லோஸ்டோன் முறைதான்.

சட்டத்தில் இவற்றுக்குச் 'சோதனைத் தொகை', அதாவது சோதனையாகக் கொண்டுவந்து விடப்பட்ட விலங்குக் கூட்டம், என்ற தகுதி. அருகிவரும் உயிரினச் சட்டத்தில் 1982-ல் சேர்க்கப்பட்ட 10(ஜே) பிரிவு அது. கால்நடையைத் தாக்கும் ஓநாயைப் பண்ணைக்காரர் சுடலாம் என்ற தளர்வு அதன் வழியே வந்தது. எல்க் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு அப்படி எளிய விடை கிடைக்கவில்லை.

இப்போது எண்ணுவதற்கு வருவோம். எல்க்கை யாரும் தலைக்குத் தலை எண்ணிவிட முடியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை, புதுப்பனி விழுந்து வானம் தெளிந்த ஒரு நாளைப் பிடித்து, மூன்று நான்கு சிறு விமானங்களில் ஒரே நாளில் 1,500 சதுர கிலோமீட்டரையும் பகுதி பகுதியாகச் சுற்றி வருவார்கள். வெண்பனியில் பழுப்பு உடம்பு எடுப்பாகத் தெரியும் என்பதே எல்லாவற்றுக்கும் ஆதாரம். பனி திட்டுத்திட்டாக உருகியிருந்தால் பழுப்பு மண்ணில் பழுப்பு மான் மறைந்துவிடும். எல்க் திறந்த புல்வெளியை விட்டு ஊசியிலைக் காட்டுக்குள் புகுந்திருந்தால் பாதி தப்பும். படுத்திருக்கும் மூன்று எல்க் கண்ணில் படுவதைவிட நடமாடும் முப்பது எல்க் எளிதில் கண்ணில் படும். இதைச் சரிக்கட்டத்தான் 1980-களில் ஐடஹோவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். கூட்டத்தின் அளவு, மரங்களின் அடர்த்தி, தரையில் பனி மூடிய அளவு இவற்றைக் குறித்துக்கொண்டு, அந்தச் சூழலில் எத்தனை சதவீதம் கண்ணில் படும் என்று மதிப்பிட்டு எண்ணிக்கையை உயர்த்துவது. பத்தில் ஏழுதான் தெரியும் என்றால், 700 எண்ணினால் உண்மையில் 1,000.

இது ஏன் முக்கியம் என்றால், ஓநாய் வந்தபின் எல்க்கின் பழக்கமே மாறியது. சிறு சிறு குழுவாகப் பிரிவதும், மரமறைவுக்கு ஒதுங்குவதும், பூங்காவின் வட எல்லையைத் தாண்டி மான்டானா பக்கம் குளிர்காலத்தைக் கழிப்பதும் கூடின. அங்கே ஓநாய் குறைவு. முன்பு கூட்டத்தின் பெரும்பகுதி பூங்காவுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்தது, பின்னர் பெரும்பகுதி வெளியில். வழக்கமான மேட்டில் எல்க் இல்லை என்று ஒரு வேட்டைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த மேட்டில் இல்லை என்பதும் உயிரோடு இல்லை என்பதும் வேறு வேறு, அவ்வளவே. அதற்காக 19,000-லிருந்து 4,000 வந்த சரிவை முழுக்க எண்ணும் பிழையென்று ஒதுக்கவும் முடியாது. சரிவு நிஜம். யார் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எல்க் கூட்டத்தின் வரவுசெலவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1,000 பெட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கடைசியில் 100 பெட்டைக்கு 20 குட்டி மிஞ்சினால் மொத்தம் 200 குட்டி, அதில் பாதி பெண், ஆக 100 புதுப் பெட்டை வரவு. அதே ஆண்டில் வளர்ந்த பெட்டைகளில் 10 சதவீதம் செத்தால் செலவும் 100. கூட்டம் நிலையாக நிற்கும். சாவு 20 சதவீதமானால் செலவு 200, கூட்டம் ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதை ஈடுகட்ட 100 பெட்டைக்கு 40 குட்டி தங்க வேண்டும், கரடியும் ஓநாயும் உள்ள காட்டில் அது எளிதில் நடக்காது. ஆகவே கூட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது வயதுவந்த பெட்டையின் உயிர். குட்டி எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாவும், பெட்டைகள் தப்பும் விகிதம் மெல்லத்தான் அசையும், அசைந்தால் அடி பலம்.

இந்தக் குட்டி-பெட்டை விகிதத்தை மட்டும் வைத்து வாதாடுபவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விகிதம் என்பது வகுத்தல். பெட்டைகள் வேகமாகச் சாகும் ஆண்டில் கீழே உள்ள எண் சுருங்கி, விகிதம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு வயதுப் பெட்டையை முதிர்ந்த பெட்டையோடு சேர்த்து எண்ணினால் விகிதம் குறையும், பிரித்தால் கூடும். எந்த மாதத்தில் எடுத்தது, எப்படி எடுத்தது என்று தெரியாத விகிதத்தை நம்பி ஓநாயைத் திட்டுவதும் வீண், மெச்சுவதும் வீண்.

பெட்டைகளைக் கொன்றது யார்? குளிர்காலத்தில் ஓர் ஓநாய்க்கு மாதம் சுமார் இரண்டு எல்க் என்ற வீதத்தில் யெல்லோஸ்டோன் ஓநாய்கள் கொன்றன. குளிரின் தொடக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, கடைசியில் கொஞ்சம் கூடுதல். 2003-ல் பூங்காவுக்குள் 174 ஓநாய்கள், அதுவே உச்சம். சின்ன எண்ணிக்கை அல்ல. ஆனால் எவற்றைக் கொன்றன என்று பார்க்க வேண்டும். ஓநாய் கொன்ற வயதுவந்த பெட்டைகளின் சராசரி வயது ஏறக்குறைய 14. வேட்டைக்காரர் சுட்டவற்றின் சராசரி வயது ஆறரை. ஆறு வயதுப் பெட்டைக்கு முன்னால் இன்னும் எட்டுப் பத்துப் பேறு இருக்கிறது, பதினான்கு வயதுக் கிழவிக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். எண்ணிக்கையில் இரண்டும் 'ஒரு எல்க்' தான். கூட்டத்தின் வருங்காலத்தில் ஒன்றுக்கொன்று ஈடே இல்லை.

மான்டானாவின் கார்டினர் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பிந்திய வேட்டைப் பருவம் நடந்துவந்தது. பூங்காவை விட்டு இறங்கும் பெட்டைகளைக் குறைப்பதற்காகவே ஏற்பட்டது அது. 2000-களின் தொடக்கத்தில் பெட்டையைச் சுடுவதற்கான பெர்மிட் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தது. அதாவது, 1996–97-ன் கொடுங்குளிருக்குப் பிறகு 1998-ல் கூட்டம் சுமார் 11,700 ஆகச் சரிந்த பின்னும், ஓநாய் வந்து ஐந்தாறு ஆண்டு கடந்த பின்னும், வறட்சி தொடர்ந்த காலத்திலும், இளம் பெட்டைகளைச் சுடும் ஏற்பாடு பெரிய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. 2006 வாக்கில்தான் நூற்றுச் சொச்சமாகக் குறைத்தார்கள். பிறகு முற்றிலும் நிறுத்தினார்கள். மிருகங்களின் பக்கத்தில் ஒரு புதுச் செலவு வந்தால் மனிதரின் பக்கத்துச் செலவை அதே ஆண்டில் வெட்ட வேண்டும். இங்கே பத்தாண்டு தாமதமானது. அந்தப் பருவத்தை நம்பி விடுதியும் குதிரையும் வழிகாட்டுத் தொழிலும் வைத்திருந்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள் என்பதும் உண்மை. அவர்களுடைய இழப்பை ஓநாய் ஆர்வலர்கள் கண்டும் காணாமல் போனது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

அடுத்து குட்டிகள். இதில் கையில் உள்ள சான்று மிக நேரடியானது, அதைச் சேர்த்த விதம் தெரிந்தால்தான் அதன் பலம் புரியும். பிறந்த சில நாளில் குட்டி ஓடாது, புல்லில் அசையாமல் படுத்துக்கிடக்கும். அப்போது பிடித்து, கையுறையோடு, மனித வாடை ஒட்டாதபடி, காதில் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரைப் பொருத்திவிட்டு சீக்கிரம் விலகிவிடுவார்கள். குட்டி சில மணி நேரம் அசையாமல் கிடந்தால் சிக்னலின் துடிப்பு வேகமாகும். உடனே ஓட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் ஒருவர் கொன்றதை இன்னொருவர் தின்றிருப்பார், நரியும் காக்கையும் மிச்சத்தைக் கலைத்திருக்கும், குற்றவாளி மாறிப்போவார்.

போய்ச் சேர்ந்ததும் தோலை உரித்துப் பார்ப்பது முதல் வேலை. கடித்த இடத்தின் அடியில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது கடித்தது. கட்டாமல் வெறும் ஓட்டையாக இருந்தால் செத்தபின் தின்றது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் 'பக்கத்தில் ஓநாய்த் தடம் இருந்தது' என்று எழுதுவதற்கு மதிப்பில்லை. கரடியானால் தோலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டிருக்கும், மண்டை ஓடு நொறுங்கியிருக்கும். பூமா என்ற மலைச்சிங்கமானால் பிடரியிலோ தொண்டையிலோ கோரைப்பல் துளைகள் தெளிவாக இருக்கும், பிடுங்கிய மயிர் கிடக்கும், மிச்சத்தைப் புல்லும் சருகும் இழுத்து மூடிவைத்திருக்கும். ஓநாய்க் கூட்டமானால் எலும்பும் தோலும் விரிந்த வட்டத்தில் சிதறிக் கிடக்கும். வளர்ந்த எல்க்கானால் தொடை எலும்பை உடைத்து மஜ்ஜையையும் பார்ப்பார்கள். வெண்மையாகக் கெட்டியாக இருந்தால் உடம்பில் கொழுப்பு இருந்தது. சிவந்து கூழாக இருந்தால் கொல்லப்படுவதற்கு முன்பே அது பட்டினியின் கடைசிப் படியில் இருந்தது. பல்லை எடுத்துக் குறுக்கே அறுத்தால் மர வளையம்போல வயது தெரியும். மேலே சொன்ன 14-ம் ஆறரையும் இப்படி வந்தவைதான்.

2003 முதல் 2005 வரை வடபகுதியில் 151 குட்டிகளுக்கு இப்படிக் குறியிட்டுத் தொடர்ந்தார்கள். ஓராண்டு தாண்டியவை 22 சதவீதம். 1980-களின் இறுதியில், ஓநாய் வருவதற்கு முன், நடந்த ஆய்வில் அது 43. செத்தவற்றில் ஏறக்குறைய 60 சதவீதம் கரடிகளின் கணக்கு, கிரிஸ்லியும் கருங்கரடியும் சேர்த்து. ஓநாயின் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி. சாவில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்துக்குள். கிரிஸ்லி பெருகியதும் இதே காலத்தில்தான். அதோடு ஒரு மீனும் இந்தக் கதைக்குள் வருகிறது. யெல்லோஸ்டோன் ஏரியில் லேக் டிரவுட் என்ற அந்நிய மீனை யாரோ கொண்டுவந்து விட்டிருப்பது 1994-ல் தெரியவந்தது. அது ஏரியின் சொந்த மீனான கட்த்ரோட் டிரவுட்டைத் தின்று குறைத்தது. கட்த்ரோட் முட்டையிட ஆழமற்ற ஓடைகளில் ஏறும், கரடி அதை அங்கே பிடித்துத் தின்னும். லேக் டிரவுட் ஆழத்திலேயே வாழ்ந்து ஏரிக்குள்ளேயே முட்டையிடும், கரடிக்கு எட்டாது. வசந்தத்தில் மீன் இழந்த கரடி எல்க் குட்டி பக்கம் திரும்பியது என்று காட்டும் ஆய்வு 2013-ல் வந்தது. ஓநாயைப் பற்றிய விவாதத்தில் ஒரு மீனுக்கு இடம் கொடுக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால் குட்டிகளின் கணக்கில் அந்த மீனை விட்டுவிட்டால் தொகை நேராகாது.

மான்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் 2011-ல் தொடங்கிய ஆய்வு இன்னொரு பாடம். அங்கே எல்க் குறைந்ததற்கு எல்லோரும் ஓநாயைக் கைகாட்டினார்கள். காதுக் குறி பொருத்திப் பார்த்தால் குட்டிகளைக் கொன்றதில் முதலிடம் பூமாவுக்கு.

அப்படியானால் ஓநாயால் ஒன்றுமில்லையா? உண்டு. ஐடஹோவின் லோலோ பகுதிதான் வேட்டைக்காரர் தரப்பின் வலுவான சான்று, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. 1980-களின் இறுதியில் அங்கே சுமார் 16,000 எல்க், 2010-ல் 2,000 சொச்சம். தொடக்கம் ஓநாயால் இல்லை. 1910-ன் பெருந்தீக்குப் பிறகு முளைத்த புதர்க்காடுதான் அங்கே எல்க்கைப் பெருக்கியது. தீயை அணைத்து அணைத்துக் காத்ததில் புதர் முதிர்ந்து மரக்காடாகி, தீவனம் குறைந்தது. 1996–97 குளிரில் பெரும் சாவு. ஆனால் அதன் பின் வந்த ஆண்டுகளில் பெட்டைகளின் சாவுக்கு முதல் காரணம் ஓநாய் என்று காலர் பதிவுகளே காட்டின. சரிந்து கிடந்த கூட்டத்தை எழவிடாமல் பிடித்துவைத்ததில் அதன் கை இருக்கிறது. ஐடஹோ அரசு ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு ஓநாயைக் குறைக்கும் அளவுக்குப் போனது. தீவனம் திரும்பாத காட்டில் அதனால் எல்க் பழைய நிலைக்கு வந்துவிடவில்லை.

கிழவியைக் கொன்றால் அது எப்படியும் அந்தக் குளிரில் போயிருக்கும், கூடுதல் இழப்பு இல்லை. இளம் பெட்டையைக் கொன்றால் அது கூடுதல் இழப்பு. வடபகுதியில் முதல் வகை மிகுதி. லோலோவில் இரண்டாவது. ஒரே மிருகம், இரு காடுகள், இரு விளைவுகள். மாநிலம் முழுக்கப் பார்த்தால் மான்டானா, வயோமிங், ஐடஹோ மூன்றிலும் இன்று தலா ஒரு லட்சத்துக்கு மேல் எல்க் உண்டு. பல வட்டாரங்களில் எல்க் மிகுதியால் வேலியும் வைக்கோல் போரும் பாழாகிறது என்று பண்ணைக்காரர்கள் புகார் செய்கிறார்கள். அதை லோலோ வேட்டைக்காரரிடம் ஆறுதலாகச் சொல்லிப் பயனில்லை, அவருடைய மலையில் எல்க் இல்லை.

ஓநாயை நேசிப்பவர்கள் தரப்பிலும் ஒரு மிகை உண்டு. ஓநாய் வந்தது, எல்க் குறைந்தது, ஓடைக்கரையில் வில்லோப் புதர் தழைத்தது, ஓடையில் அணை கட்டும் பீவர் திரும்பியது, ஆறே திசை மாறியது என்ற அழகான கதை. வில்லோ சில இடங்களில் உயர்ந்தது நிஜம். ஆனால் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2001-ல் தொடங்கி இருபதாண்டு நடத்திய சோதனையில் சில ஓடைகளில் வேலி போட்டு எல்க்கைத் தடுத்தார்கள், சிலவற்றில் பீவர் கட்டுவதுபோல அணை கட்டினார்கள், சிலவற்றில் இரண்டும் செய்தார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ உண்மையில் மீண்டது. பீவர் போய்ப் பல பத்தாண்டுகள் ஆனதில் ஓடை தரையை ஆழமாக அரித்து, நிலத்தடி நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. மேய்பவரைக் குறைத்தாலும் தண்ணீர் ஏறாது. பைசன் என்ற காட்டெருமைக் கூட்டம் பெருகி எல்க் விட்ட வில்லோவை மேய்வதும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பென் மரக்கன்றுகளில் ஒவ்வொரு தோப்பிலும் உயரமான ஐந்தை மட்டும் அளந்து 'மீட்சி' என்று எழுதியதும், தற்செயலாகத் தேர்ந்து அளந்தபோது அது பல மடங்கு குறைவாக வந்ததும் 2021-ல் வெளியானது. ஓநாய்க்கு வேண்டியவர்கள் இந்த முடிவுகளை மறைக்கத் தேவையில்லை. ஆற்றைத் திருத்தினால்தான் ஓநாய்க்குக் காட்டில் இடம் என்று யார் நிபந்தனை போட்டது?

இப்போது இதே வழக்கு கொலராடோவுக்கு மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் 51 சதவீதத்துக்கும் சற்றுக் குறைந்த வாக்கில் மக்கள் வாக்கெடுப்பு வென்று, 2023 டிசம்பரில் ஆரிகனிலிருந்து 10 ஓநாய்கள், 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 15 வந்தன. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய எல்க் தொகை கொலராடோவுடையது, மூன்று லட்சத்தை ஒட்டி. இவ்வளவு சில ஓநாய்களால் மாநில எண்ணிக்கை அசையாது. அசைந்தால் அவை தங்கும் ஓரிரு பள்ளத்தாக்கில் அசையும், அதனால் அளப்பதும் அங்கேதான் நடக்க வேண்டும். வயதுவந்த பெட்டைகளுக்கு காலர், ஒவ்வொரு சாவுக்கும் தோலுரித்த சோதனை, பல்லும் மஜ்ஜையும், பெட்டைக்கான பெர்மிட்டை ஆண்டுதோறும் திருத்தும் ஏற்பாடு. கார்டினரில் இவற்றில் கடைசியைத்தான் காலத்தில் செய்யவில்லை.

வரைபடத்தின் இடது ஓரத்தையும், அதாவது கணக்குத் தொடங்கும் ஆண்டையும், இப்போதே குறித்துவைக்க வேண்டும். 2022–23 குளிர்காலத்தில் கொலராடோவின் வடமேற்கில் பனி இறுகி, எல்க்கும் மானும் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தன. அடுத்த பருவத்துக்கு வேட்டை உரிமங்களைப் பெருமளவு வெட்டினார்கள். கொண்டுவந்து விடப்பட்ட முதல் ஓநாய் கால்வைத்தது அதற்கு அடுத்த டிசம்பரில். பத்தாண்டு கழித்து யாராவது 2022-லிருந்து கோடு போட்டு ஓநாய் மீது பழி சொன்னால், 2023 வசந்தத்தில் பனி உருகியபோது வேலியோரங்களில் கிடந்த பிணங்களையும் அந்தக் கோட்டில் காட்டச் சொல்லுங்கள். 2023-ன் அடிமட்டத்திலிருந்து தொடங்கி 'ஓநாய் வந்தும் எல்க் ஏறியது' என்று சொல்பவரிடமும் அதையே கேளுங்கள்.